மேற்கே கடல் என்ற தாய்மாமன்

நல்லகாமன் என்கிற பெயர் என் காதில் முதன்முதலில் விழுந்தது வசவாகத்தான். அப்போது எனக்குப் பதினொரு வயசு இருக்கும். அழகர்கோவில் மரத்தடியில் எங்கள் சனம் அத்தனையும் கூடி நிற்கிறது. என் அண்ணன் காசிமாயனின் மூத்த மகள் ஒச்சாயிக்குக் காது குத்து. ஆசாரி சந்தனப் பொட்டு வைத்துவிட்டு ஊசியும் கையுமாகக் காத்திருக்கிறார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனை மட்டும் காணோம்.

"நல்லகாமனாம் நல்லகாமன்! எந்த நேரத்துல அந்தப் பேரை வச்சாகளோ!" என்று என் அம்மா இருளாயி கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "கூடப்பிறந்தவ மகளுக்குக் காது குத்த வரமாட்டாதவனுக்குப் பட்டணத்துல என்னடி படிப்பு? புத்தகத்தை வச்சு வச்சு மடி தேஞ்சு போச்சா?"

கேட்டது என் மதினி ஜெயக்கொடியை. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவளுடைய அண்ணன்தான் அந்த நல்லகாமன். மதினி தலையைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அவள் காலில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது சாதாரணக் காரியம் இல்லை. பெண்ணைக் கொடுத்த வீடு அவளைக் கைகழுவிவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு அவளைப் புருஷன் அடித்தாலும் மாமியார் வைதாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை என்று ஊருக்கே முரசடித்துச் சொல்கிற மாதிரி.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் தாய்மாமன், அம்மாவின் தம்பி கருத்தக்கண்ணன், மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏன்க்கா கத்துற? என் மடி என்ன முள்ளா? கொண்டா பிள்ளைய."

வேட்டியை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒச்சாயி காதில் ஊசி இறங்கியது. அன்றிலிருந்து கல்யாணம், சாவு, சந்தை, எங்கே போனாலும் கருத்தக்கண்ணன் மாமா, "என் மடி மட்டும் இல்லாட்டி அந்தப் பிள்ளை மூளிக் காதோடதான் திரிஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் மதினி அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், அன்றைக்கு மதினியின் அண்ணனான அந்த மனுஷன் சென்னைப் பட்டணத்தில் வாத்தியார் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். பி.ஏ. முடித்த கையோடு, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கென்று தனியாக ஒரு படிப்பு. நாள் மாற்ற முடியாத பரீட்சை. சமயநல்லூருக்கு மேற்கே, கிணற்றுப் பாசனத்தில் கத்தரிக்காயும் மிளகாயும் போட்ட வீட்டுப் பிள்ளை. மதுரைக்குக் காய் ஏற்றிப் போகிற வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போய்ப் பள்ளிக்கூடம் படித்தவர். அவர் ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "இம்புட்டுப் படிச்சிட்டு, வாத்தியாராக ஆகுறதுக்கு இன்னொரு வாத்தியார்கிட்டப் படிக்கிறானாம்ல? வாத்தியாருக்கு எதுக்குப்பா வாத்தியார்? மாட்டுக்கு எதுக்கு மாடு?" என்று சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம்.

நாலு வருஷம் போனது. மதினிக்கு இரண்டாவதாக ஆண் பிள்ளை பிறந்து, சோணை என்று பெயர் வைத்து, அவனுக்குக் காது குத்தும் காலம் வந்தது. நாள் குறித்த அன்று அம்மா முற்றத்து நடுவில் நின்று சொன்னாள்:

"ஏ ஜெயக்கொடி, நல்லாக் கேட்டுக்க. இந்தத் தடவையும் உங்க அண்ணன் மடி வரல, அம்புட்டுத்தான். உனக்குப் பிறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாது. நீயும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது, அவுகளும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல."

என் அம்மா சொன்னால் சொன்னதுதான். அவள் வாய்ச்சொல்லுக்கு அப்பாவே எழுந்து நிற்பார். மதினி என் அண்ணனைப் பார்க்க, அவன் வானத்தைப் பார்த்தான்.

அப்போது மதினியின் அண்ணன் திருமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். காசிமாயன் அண்ணன் போய்ச் சேதி சொல்லிவிட்டு வந்தான்.

"என்ன சொன்னாக எங்க அண்ணன்?" மதினி வாசலுக்கே ஓடினாள்.

"தலை போனாலும் மடி வரும்னு சொல்லச் சொன்னாரு மச்சான். ஆனா..."

"என்ன ஆனா?"

அந்த ஆனா பெரிய ஆனா. மதுரையில் வாத்தியார்களைப் பழக்குகிற டிரெயினிங் ஸ்கூல் ஒன்றில் அவருக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்ததாம். அதற்கு இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். டிரெயினிங் ஸ்கூலை ஒட்டியே மாடல் ஸ்கூல் என்று சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்கும். அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்த, பின்னால் பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாமெல்லாம் மாட்டை ஓட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே மாதிரி. அது நடக்கிற நாளும் அதே வியாழக்கிழமை!

"காலையில ஒம்பது மணிக்குப் பாடம். முடிச்சிட்டு வாசல்ல நிப்பேன், அழகர்கோவிலுக்குப் போற வண்டி மதுரையத் தாண்டித்தானே போகணும், என்னையும் ஏத்திக்கங்கன்னு சொன்னாரு."

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை மணிக்கு. அதற்குள் ஊசி இறங்க வேண்டும். அம்மா விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, "பாப்போம்" என்றாள். கருத்தக்கண்ணன் மாமா, "எதுக்கும் நான் புது வேட்டி கட்டிக்கிட்டு வாரேன்க்கா" என்றார். எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

கோழி கூப்பிட நாலு வண்டி பூட்டினோம். வண்டிக்கு வண்டி வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பிள்ளைகள். சித்தப்பன் பிள்ளைகள், பெரியப்பன் பிள்ளைகள் என்று ஒரு தெருவே ஏறியிருந்தது. ஒரு வண்டியில் ஆசாரி, சோறு பொங்குகிற அண்டா, கருப்பசாமிக்கு வெட்டப் போகிற கிடாய். கிடாய்க்குப் பக்கத்தில் கருத்தக்கண்ணன் மாமா, சலவை வேட்டியில் புழுக்கை ஒட்டாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு.

மதுரைக்குள் நுழைந்து அந்த டிரெயினிங் ஸ்கூல் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆரம்பிக்கவே இல்லை! வாசலில் ஒரே ஓட்டமும் சாட்டமும். தொப்பி வைத்த ஒருவர் கையில் சாக்குக் கட்டியோடு தெருவில் அங்குமிங்கும் ஓடுகிறார். அவர்தான் அந்தப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் அப்துல் வஹீது. சாகிறவரை மதினியின் அண்ணனுக்கு ஆருயிர்ச் சிநேகிதராக இருந்தவர்.

"என்ன சாயபு, என்ன நடக்குது இங்க?" என்று காசிமாயன் அண்ணன் கேட்டான்.

"யா அல்லா, அதை ஏன் கேக்குறீங்க! அம்மை குத்துறவரு தெரு முனையில வந்து நின்னாரு. ஒரு பய பார்த்துட்டு ஓடியாந்து சொன்னான். அவ்வளவுதான், மாடல் ஸ்கூல் பிள்ளைங்க பூராவும் பின் சுவரு ஏறிக் குதிச்சிருச்சு! ஒரு பிள்ளை இல்லை. இன்ஸ்பெக்டர் உள்ள உக்காந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காரு. பகல் ரயிலுக்கு அவரு போகணும். பாடம் பார்க்காமப் போனாருன்னா இந்த வேலை வேற ஒருத்தருக்குப் போயிரும்."

அப்போதுதான் மதினியின் அண்ணன் வெளியே வந்தார். நினைவு தெரிந்து நான் அவரை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, நெற்றி பூராவும் வேர்வை. வசவில் கேட்டுக் கேட்டு நான் மனசில் வைத்திருந்த ஆள் வேறு. இவர் மெலிந்து, மாடு தொலைத்தவர் மாதிரி நின்றார்.

மதினி வண்டியிலிருந்து குதித்தே விட்டாள். "அண்ணே!"

அவர் தங்கச்சியைப் பார்த்தார். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் வண்டிக்குக் கிட்டே போனார்.

"அத்தை, நீங்க சொல்லுங்க. ஏறுன்னா, இந்தக் கோட்டைக் கழட்டிச் சுவத்துல மாட்டிட்டு இப்பவே ஏறிருறேன். வேலை கிடந்துட்டுப் போகுது. ஒரு தடவை என் தங்கச்சி தலை குனிஞ்சது போதும்."

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குச் சேலையைச் சொருகிக்கொண்டு வந்தவளிடம் எதிராளி கம்பைக் கீழே போட்டுவிட்டால் என்ன செய்வாள்?

"ஏறுவியாம்ல" என்றாள் கடைசியில். "ஏறுவ. நாளைக்கு இந்தா நிக்கிறாளே உன் தங்கச்சி, 'எங்க அண்ணன் உத்தியோகத்துல எங்க மாமியா மண்ணள்ளிப் போட்டா'ன்னு ஊரெல்லாம் சொல்லுவா. அந்தப் பழி எனக்கு வேணாம்ப்பா. உனக்கு இப்ப என்ன வேணும்? பிள்ளைகதானே? எத்தனை உருப்படி வேணும்?"

வஹீது மாஸ்டர் வண்டிகளை ஒரு பார்வை பார்த்தார். "அம்மா, இருக்கிறது அத்தனையும் இறக்குங்க!"

"இறக்குறேன். ஆனா நானும் உள்ள வந்து உக்காருவேன். எங்க பிள்ளைகள நீங்க என்ன செய்யிறீகன்னு பாக்கணும். வெரசா முடி மாப்ள. ஒண்ணரைக்குள்ள ஊசி இறங்கணும். இல்லேன்னா நான் சொன்ன சொல்லு அப்படியேதான் நிக்கும், ஆமா."

இப்படியாக எங்கள் வீட்டுப் பிள்ளைகள், வைக்கோல் ஒட்டின தலையும் எண்ணெய் முகமுமாக, பள்ளிக்கூட வாசனையே அறியாததுகள், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தன. பின்னால் பெண்டுகள் நாங்கள் தரையில். பக்கத்தில் நாற்காலியில் இன்ஸ்பெக்டரும் பள்ளிக்கூடத்துப் பெரியவர்களும். கருத்தக்கண்ணன் மாமா சன்னலுக்கு வெளியே கிடாயைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பாடம், வைகை ஆறு. மலையில் பிறந்து, சமவெளியில் ஓடி, கடலுக்குப் போகிறது. வஹீது மாஸ்டர் வரைந்த பெரிய படம் சுவரில் தொங்கியது.

"பிள்ளைகளே, ஆறு எங்கே உற்பத்தியாகிறது?"

ஒரு பிள்ளை வாயைத் திறக்கவில்லை. எல்லாத் தலையும் ஒன்றுபோலப் பின்னால் திரும்பி என் அம்மாவைப் பார்த்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான். பெரியவள் பேசாமல் யாரும் பேசுவது கிடையாது. அவர் மறுபடி கேட்டார். மறுபடி எல்லாத் தலையும் திரும்பியது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை எடுத்து மூடினார். மதினி சன்னல் வழியே வெளியே வெயிலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தங்கச்சி பார்த்த அதே வெயிலைப் பார்த்தார். அந்தப் பதற்றத்தில் வாய் என்ன சொல்கிறது என்று தெரியாமல் சொல்லிவிட்டார்:

"வைகை கிழக்கே மலையில் பிறந்து, மேற்கே கடலில் போய்ச் சேருகிறது."

"மேக்கேயா கடலு!"

கத்தியது நான்தான். பதினஞ்சு வயசுக் குமரி, அந்நிய ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்! அம்மா என் தொடையில் கிள்ளின கிள்ளு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கத்தினது கத்தினதுதான். அண்ணன் பெண்டாட்டியின் அண்ணன், எனக்குக் கட்டிக்கொள்கிற முறை. முறைக்காரன் வாய் தவறினால் விடலாமா? விட்டால் நம் வீட்டுக்கு என்ன மரியாதை? அது ரத்தத்தில் ஊறினது, யோசித்து வருவதில்லை.

அடுத்த நொடி ஒச்சாயி எழுந்தாள். "மாமா, தப்பு! மலை மேக்கதான் இருக்கு!"

"மாமாவுக்குத் திசை தெரியலடோய்!"

"மாமா, எங்க ஊருக்கு வாங்க, காட்டுறோம்!"

"கோட்டுப் போட்டா கிழக்கு மேக்காயிருமா மாமா?"

தாய்மாமனைக் கேலி பண்ணுவது எங்கள் பிள்ளைகளுக்கு உரிமை. யாரிடம் கேட்டும் செய்ய வேண்டியதில்லை, என் அம்மாவிடம்கூட. அதுவரை அவரைக் கோட்டும் தலைப்பாகையுமாகப் பார்த்து யாரோ துரை என்று பயந்து கிடந்ததுகளுக்கு, ஒரு தப்பில் அவர் மாமன் ஆகிவிட்டார்!

அவர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு பார்க்கிறேன், அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம். மெள்ளக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைக் கையை மடித்தார்.

"அப்படியா? மலை மேற்கேயா? நான் நம்ப மாட்டேன். எங்கே, வந்து காட்டு பார்ப்போம்."

ஒச்சாயி ஓடிப்போய்ப் படத்தில் கை வைத்தாள்.

"சரி, மலை அங்கேயே இருக்கட்டும். மழை பெய்தால் தண்ணீர் இங்கேயிருந்து மலைமேல் ஏறிப் போகும். இல்லையா?"

"ஐயோ மாமா! தண்ணி எங்கிட்டாச்சும் ஏறுமா?"

"ஏறாதா? ஏன் ஏறாது?"

அவ்வளவுதான். அவர் ஒரு தப்பு சொல்ல, பத்து வாய் திருத்த, திருத்துகிற வாயிடமே "ஏன்?" என்று கேட்க, பிள்ளைகள் பெஞ்சிலிருந்து இறங்கிக் கரும்பலகையை மொய்த்துவிட்டன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வாசல் மணலை அள்ளிவந்து குவித்தார்கள். வஹீது மாஸ்டர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். தண்ணீர் ஓடி இன்ஸ்பெக்டர் செருப்பை நனைத்தது. "ஐயா, நீங்கதான் கடலு!" என்று ஒருத்தன் சொல்ல, இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கடிகாரம் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

அம்மாவுக்கும் பொறுக்கவில்லை. "மாப்ள, கம்மாயை விட்டுட்டியே? ஆத்துத் தண்ணி வாய்க்கா வழியா கம்மாய்க்கு வராம நேராக் கடலுக்கா போகும்?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒன்று கேட்கிறேன். மேற்கே கடலே கிடையாது என்று நினைக்கிறீர்களா? அந்த மலையைத் தாண்டினால் அங்கேயும் ஒரு கடல் இருக்கிறது."

"மலையத் தாண்டி எவன்ய்யா போனான்? நீங்களும் அவனோட சேந்துக்கிட்டுப் பொய் சொல்லாதீக!"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் சுவர்க்காரை உதிர்ந்திருக்கும். நானும் சிரித்தேன். பக்கத்தில் ஒரு விம்மல் கேட்டுத் திரும்பினால், மதினி. சோணையை மார்போடு அணைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்து அழுகிறாள். வெயில் உச்சியைத் தொட்டுவிட்டது. இனி மாட்டை எவ்வளவு விரட்டினாலும் ஒன்றரைக்குள் அழகர்கோவில் போய்ச் சேர முடியாது.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர் கையில் ஈர மணலோடு தங்கச்சியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். வேலை கிடைத்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் முகத்திலேயே எழுதியிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

சன்னலுக்கு வெளியே இருந்து கருத்தக்கண்ணன் மாமா தொண்டையைக் கனைத்தார். "அக்கா, நான் வேணா கிடாயைக் கட்டிட்டு..."

"வாயை மூடுறா!"

அம்மா எழுந்து நின்றாள். சேலையை உதறினாள். அவள் மதினியைப் பார்த்தாள். மணலும் தண்ணீருமாகக் கிடக்கிற பிள்ளைகளைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"ஆசாரியக் கூப்பிடு. இங்கேயே குத்து."

"இங்கேயா? அத்தை, அழகருக்கு நேந்துக்கிட்டது..."

"என்னடி அழகரு? வருஷா வருஷம் மலையை விட்டு மருதைக்கு எறங்கி வர்றவருதானே அவரு? அவரு வர்ற ஊருல வச்சுக் குத்துனாக் கோவிச்சுக்குவாராக்கும்? பிள்ளை முடியவும் கிடாயவும் பொழுதிறங்க அங்க போயிக் குடுத்துக்கிறலாம். மடிதான் இப்ப வேணும். மாப்ள, உக்காரு!"

கூடத்தில் வாத்தியார் நிற்கிற மேடையில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மதினி ஓடிப்போய்ச் சோணையை அவர் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்க மனசில்லாமல் அப்படியே நின்றாள். தாய்மாமன் சீராக அவர் வாங்கி வைத்திருந்த கடுக்கனும் பட்டுத் துண்டும் பக்கத்து அறையில் இருந்து வந்தன. வெல்லமும் பொரிகடலையும் வைத்த தட்டைப் பிடிக்க ஆள் தேட, இன்ஸ்பெக்டர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனுஷர்!

ஆசாரி ஊசியை இறக்கினார். சோணை வீறிட்டான் பாருங்கள், அந்தத் தெருவே அதிர்ந்தது. காலையில் ஓடிப்போன மாடல் ஸ்கூல் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து பின் சுவரில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனவாம். உள்ளே ஒரு பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து, ஒருத்தன் ஊசியால் குத்த, இன்ஸ்பெக்டரே தட்டுப் பிடிக்கிற காட்சியைக் கண்டதும், "டேய், உள்ளேயே குத்துறாய்ங்கடா!" என்று அலறிக்கொண்டு மறுபடியும் ஓடிவிட்டன. அன்றைக்கு அப்புறம் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இரண்டு காதும் முடிந்தது. ராகு காலம் வர இன்னும் நேரம் இருந்தது. அம்மா எச்சிலைத் தொட்டுச் சோணை நெற்றியில் வைத்துவிட்டு, மதினியைப் பார்த்து, "என்னடி நிக்கிற? உங்க அண்ணனுக்கு விசிறு. வேர்த்துக் கொட்டுது" என்றாள். எங்கள் அம்மா ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதைக்கூட விசிறு என்றுதான் சொன்னாள்.

கருத்தக்கண்ணன் மாமா சலவை வேட்டியோடு வாசலில் நின்றார். "அப்ப என் மடி?"

"உன் மடியில கிடாயை வச்சுக்க" என்றாள் அம்மா.

அந்தி மயங்க அழகர்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலு வண்டியில் போனவர்கள் ஐந்தாவதாக வஹீது மாஸ்டரையும் ஒரு ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனோம். சோறு தின்னும்போது அம்மா இலையைப் பார்த்தபடியே, பக்கத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "திசை தெரியாத மாப்ளைக்கு, திசை தெரிஞ்ச பிள்ளை ஒருத்தி எங்க வீட்டுல இருக்கா. வேணும்னா வந்து கேக்கட்டும்." நான் தண்ணீர் மொள்ளப் போகிற மாதிரி எழுந்துவிட்டேன். அடுத்த தை மாதம் என்னைக் கேட்டு வந்தார்கள். பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுத்தார்கள். கல்யாணப் பந்தலில் ஒச்சாயி, "மாமா, கிழக்க பாத்து உக்காருங்க, கிழக்கு அங்கிட்டு இருக்கு!" என்று மானத்தை வாங்கினாள்.

அந்த டிரெயினிங் ஸ்கூலில் சேர்ந்தவர் பிறகு கல்லூரிப் பேராசிரியராக ஆகி ஓய்வு பெற்றது வரை, வாத்தியாராக வரப் போகிறவர்களுக்கு அவர் முதல் நாள் சொன்னது ஒன்றுதானாம்: பிள்ளைகள் முன்னால் ஒரு தப்புச் சொல்லுங்கள், உங்களைத் திருத்துகிற தைரியம் அவர்களுக்கு வரட்டும், மற்றது தானாக வரும். தான் முதன்முதலில் சொன்ன தப்பு நிஜமாகவே தப்பு என்பதை மட்டும் அவர்களிடம் சொல்ல மாட்டார். எங்களுக்கு அல்லவா தெரியும்! வீட்டிலும் அதே கதைதான். சோற்றுக்கு உட்கார்ந்தால், "தேங்காய் மண்ணுக்குள் காய்க்கும்" என்பார். எங்கள் பிள்ளைகள் ஐந்தும் இலையை விட்டு எழுந்து கத்தும். யுத்தக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் பொழுதோடு சாப்பிட்டுப் படுக்கிற வீட்டில், இருட்டுக்குள்ளும் அந்தச் சத்தம் ஓயாது. அக்கம்பக்கத்தில் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அம்மா அவரை விடவில்லை. எந்த விசேஷத்துக்கு வந்தாலும் வாசலில் கால் வைக்கும்போதே, "என்ன மாப்ள, மேக்கே கடலு சௌக்கியமா இருக்கா?" என்பாள். யுத்தம் முடிந்த மறு வருஷம் அவர் என்னையும், பிள்ளைகளையும், மதினியையும், சோணையையும், என் அம்மாவையும் ரயிலில் ஏற்றினார். எங்கே என்று சொல்லவில்லை. செங்கோட்டை தாண்டி, மலையைக் குடைந்த இருட்டுக்குள் ரயில் நுழைந்தபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொல்லத்தில் இறங்கினோம். சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். சூரியன் தண்ணீருக்குள் இறங்குகிறது, எங்கள் கண்ணெதிரே, மேற்கே!

அவர் கையைக் கட்டிக்கொண்டு மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து வருஷமாகக் காத்திருந்த நிற்பு அது. அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"சரி மாப்ள. கடலு இருக்கு, ஒத்துக்கிறேன்" என்றாள். "ஆனா வைகை இங்கிட்டு வரலியே?"

சோணை மணலில் விழுந்து புரண்டு சிரித்தான். அவரும் மதினியும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடல் சத்தமே கேட்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வம்சத்தில் எத்தனையோ காது குத்து நடந்தது. மதினியின் மற்றப் பிள்ளைகள் அத்தனைக்கும் அவர் மடிதான். ஒன்றுக்குக்கூடத் தவறவில்லை. அவர் கண்ணை மூடினபோது சோணைதான் பாடையைத் தூக்கினான்.

இப்போது அவர் சமயநல்லூருக்கு மேற்கே, எங்கள் கத்தரித் தோட்டத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் இருக்கிறார்.